பவுடர் டப்பாக்களை என்ன செய்தேன்

குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் பவுடர் டப்பாதான் வாங்கி வருவார்கள். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. சட்டை வாங்கினால் அளவு தெரிய வேண்டும், பொம்மை வாங்கினால் வயது தெரிய வேண்டும். பவுடருக்கு எதுவும் தெரிய வேண்டாம். எந்தக் கடையிலும் கிடைக்கும், கைப்பைக்குள் அடங்கும், கொடுத்தவருக்கும் ஏதோ கொடுத்த மாதிரி இருக்கும். அப்படித்தான் எங்கள் வீட்டில் இருபத்தேழு டப்பாக்கள் சேர்ந்தன.

டாக்டர், நீங்கள் நிரப்பச் சொன்ன படிவத்தின் பின்பக்கத்தில்தான் இதை எழுத ஆரம்பித்தேன். இடம் போதாது என்று தெரிந்ததும் நர்ஸ் அம்மாவிடம் தாள் கேட்டேன். "என்ன சார், கதையா எழுதுறீங்க?" என்று சிரித்துக்கொண்டே கொஞ்சம் தாள்களும் தன் பேனாவும் கொடுத்தார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

படிவத்தில் ஏழாவது கேள்வி, குழந்தைக்குப் பவுடர் போடுவதுண்டா என்பது. அதற்கு "இல்லை" என்று எழுதியவன் நான். இன்று காலை, என் மகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரைப் பற்றிச் சொன்னீர்கள். லென்சுக்கு அடியில் அது தகடு தகடாக மின்னியது என்றீர்கள். பிறகு என் மனைவி பக்கம் திரும்பி, "பொய் சொல்லாதீங்கம்மா. ஒரு நாள் ரெண்டு நாள் போட்டதுக்கு இவ்வளவு உள்ள போகாது. உண்மையைச் சொன்னாத்தான் நான் வைத்தியம் பார்க்க முடியும்" என்றீர்கள். "சத்தியமா ஒரு சிட்டிகைகூட போட்டதில்ல டாக்டர்" என்றாள். நீங்கள் நம்பவில்லை. இப்போது அவள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மகளின் முகத்தில் மாட்டிய மூச்சுமூடியைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பிடிக்க வேண்டிய அவசியமில்லை, அதற்குப் பட்டை இருக்கிறது. ஆனாலும் பிடித்திருக்கிறாள்.

அவள் பொய் சொல்லவில்லை. அதைத் தெளிவுபடுத்தத்தான் எழுதுகிறேன். எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும்.

மகள் ஏழரை மாதத்தில் பிறந்தவள். என் இரண்டு உள்ளங்கைகளுக்குள் அடங்கினாள். கண்ணாடிப் பெட்டியில் ஐந்து வாரம் இருந்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிய அன்று, அங்கிருந்த குழந்தை டாக்டர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. பெரிய தூசியை மூக்கின் மயிரும் தொண்டைச் சளியும் பிடித்து வெளியே தள்ளிவிடும் என்றார். கண்ணுக்குத் தெரியாத பொடிதான் கடைசிவரை போகும். நுரையீரலின் கடைசிக் கிளையில் திராட்சைக் கொத்து மாதிரி சின்னச் சின்னப் பைகள் உண்டு. அங்கே போய் உட்கார்ந்துகொண்டால் பிறகு எழுந்திருக்காது. "புகை ஆகாது. இருமுறவங்க பக்கத்துல படுக்கவைக்கக் கூடாது. பவுடர் அறவே வேண்டாம், வாசனைக்குக்கூட வேண்டாம்" என்றார். நான் அந்தத் திராட்சைக் கொத்தை ஒரு தாளில் வரைந்து தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோதே ஒன்பது டப்பா காத்திருந்தது. அதற்குப் பிறகு வந்தவர்களிடம் வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. முகம் சுண்டிப்போகும். மனைவி வாங்கி வாங்கி அலமாரி மேல் அடுக்கினாள். "பேசாம ஒரு பவுடர் கடை வச்சிரலாங்க. நீங்க கல்லாவுல உட்காருங்க" என்பாள். குப்பையில் போட அவளுக்கு மனசு வரவில்லை, எனக்கும் வரவில்லை. நல்ல பொருளை வீணடிப்பது எனக்குப் பழக்கமில்லை.

ஒன்றை அவள் கீழ்வீட்டுத் தையற்காரர் மனைவிக்குக் கொடுத்தாள். அவர்களுக்கும் கைக்குழந்தை. ஆறு வாரம் கழித்து என் சித்தி குழந்தையைப் பார்க்க வந்து, பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள். அடியில் என் மனைவி பென்சிலால் போட்ட சின்ன எண் அப்படியே இருந்தது. தையற்காரர் மனைவி யாருக்கோ கொடுக்க, அவர் யாருக்கோ கொடுக்க, அது ஊரைச் சுற்றிவிட்டு எங்கள் வீட்டுக்கே வந்திருந்தது. சித்தி போனதும் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "வழி தெரிஞ்சு வருதுங்க. இனிமே எங்க கொடுத்தாலும் வந்திரும்." எனக்கும் சிரிப்பு வந்தது. இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

மூன்று டப்பாக்களை வேலைக்கு எடுத்துப்போனேன். ரப்பர் பட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கத் தூவலாம். அது போக இன்னொன்றை என்னோடு வேலை செய்கிறவன் கேரம் போர்டுக்கு என்று வாங்கிக்கொண்டான். எதைப் பார்த்தாலும் கழற்றி மாட்டுவதால் அவனை நாங்கள் திருகாணி என்றுதான் கூப்பிடுவோம். மீதி இருபத்து மூன்று.

எனக்குத் தொழில் காற்று. கட்டடங்களுக்குள் காற்றுக்குழாய் போடுகிறேன். ஒரு அறையில் ஃபேன் சுற்றினால் காற்று வருகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வருவதில்லை, இருக்கிற பழைய காற்றுதான் சுற்றிச் சுற்றி வருகிறது. நல்ல காற்று வேண்டுமென்றால் உள்ளே வர ஒரு வழி வேண்டும், வெளியே போக ஒரு வழி வேண்டும், இரண்டும் எதிரெதிரே இருக்க வேண்டும். இது தெரியாமல் எத்தனையோ பேர் வருஷக்கணக்கில் தங்கள் மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டின் உள்ளறைக்கு ஜன்னல் இல்லை. அதில் என் மாமனார் இருந்தார். முப்பது வருஷம் மாவு மில்லில் இயந்திரம் ஓட்டியவர். சாயங்காலம் புருவம் வரைக்கும் வெளுத்து வீட்டுக்கு வருவதால் தெருவில் அவருக்கு வெள்ளைக்காரர் என்று பெயர். மில் மூடிப் பல வருஷம் ஆகியும் மாவு அவர் நெஞ்சைவிட்டுப் போகவில்லை. நாலு அடி நடந்தால் நின்றுவிடுவார். மகள் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால் அவருக்காகத்தான் அந்த அறைக்கு நான் காற்று வழி அமைத்தேன். பின்பக்க பால்கனியில், தெருத் தூசி எட்டாத இடத்தில், காற்றை இழுக்கும் வாய். அதில் ஒரு சின்ன ஃபேன், தூசி பிடிக்க ஒரு ஃபில்டர். அங்கிருந்து பொய்க்கூரைக்கு மேலே மடிப்பு மடிப்பான குழாய். அவர் கட்டிலுக்கு நேர் மேலே, காற்று இறங்கும் கிரில். முதல் நாள் அதன் கீழே படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு, "மாப்ளே, மூச்சு விடுறது இவ்வளவு ஈசின்னு இத்தனை நாள் ஒருத்தனும் சொல்லலையே" என்றார். வருகிறவர்களுக்கெல்லாம் கிரிலைக் காட்டுவார். என் தொழிலில் நான் செய்த மிக நல்ல வேலை அது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

குழந்தை வந்த பிறகு கணக்கு மாறியது. மாமனார் இருமினால் அவள் தூக்கிப்போட்டு விழித்தாள். எங்கள் அறை தெருப்பக்கம். பகல் முழுக்க வண்டிப் புகை. ஜன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் புழுக்கம். அந்த வீட்டிலேயே நல்ல காற்று வருகிற ஒரே அறை உள்ளறைதான். அந்தக் காற்றை, இனித் தேற வழியில்லாத எழுபத்தோரு வயது நுரையீரல் வாங்கிக்கொண்டிருந்தது. வளர வேண்டிய நுரையீரல் புகையை வாங்கிக்கொண்டிருந்தது. இதை யாரும் யாருக்கும் எதிராகச் சொல்லவில்லை. அளந்தால் யாருக்கும் தெரிந்துவிடும்.

முதலில் முறையாகத்தான் கேட்டேன். மச்சானுக்கு ஃபோன் செய்து, கொஞ்ச நாள் அப்பாவை வைத்துக்கொள்ள முடியுமா என்றேன். "எங்க வீட்ல காத்தே கிடையாது மாமா. அங்கன்னா நீங்க பைப்பெல்லாம் வச்சுக் கொடுத்திருக்கீங்க. அதைவிட்டு இங்க எதுக்கு?" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அறையை மாற்றிக்கொள்ளலாமா என்று மனைவியிடம் பேச்சுக் கொடுத்தேன். "அப்பாவைத் தெருப்பக்கம் போட்டா ஒரு வாரம் தாங்குவாராங்க?" என்றாள். அதிலும் நியாயம் இருந்தது.

ஒரு காலை மாமனார், "காத்து கொஞ்சம் கம்மியா வர்ற மாதிரி இருக்கு மாப்ளே, பாருங்களேன்" என்றார். பால்கனிக்குப் போனேன். காற்று கண்ணுக்குத் தெரியாது. அது எவ்வளவு வேகமாகப் போகிறது, எங்கே கசிகிறது என்று பார்க்க வேண்டுமானால் ஏதாவது ஒரு பொடியைத் தூவிப் பார்ப்போம். அலமாரி மேலிருந்து ஒரு டப்பாவை எடுத்துவந்தேன். ஃபில்டரைக் கழற்றிவிட்டு, வாய்க்கு நேரே டப்பாவை ஒருமுறை அமுக்கினேன். கனமான துகள்கள் தரையில் விழுந்தன. மற்றது ஒரு வெள்ளை நூலாகச் சேர்ந்து, கொஞ்சம்கூடச் சிதறாமல், குழாய்க்குள் போயிற்று. அவ்வளவு அழகாகப் போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எங்கும் கசிவில்லை.

உள்ளே மாமனார் இரும ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் நிற்கவில்லை. மனைவி வெந்நீரோடு ஓடினாள். நானும் போய் முதுகைத் தடவிக் கொடுத்தேன். இருமல் அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "சரியாயிருச்சு மாப்ளே. காத்து நல்லா வருது. பேத்தி வாசனையோட வருது."

அது தெரியாமல் நடந்தது. மறுநாள் செய்தது, முதல்நாள் இருமல் அதனால்தானா என்று உறுதிப்படுத்திக்கொள்ள. ஒருமுறை நடந்ததை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. மூன்றாம் நாளுக்கு எனக்குக் காரணம் நினைவில்லை.

அதற்குப் பிறகு அது காலை வேலைகளில் ஒன்றாகிவிட்டது. பல் துலக்குவேன், பால்கனியில் நின்று முகம் மழிப்பேன், போட வேண்டியதைப் போடுவேன், வேலைக்குக் கிளம்புவேன். மூக்கில் துணி கட்டிக்கொள்வேன், அது தொழில் பழக்கம். ஃபில்டரை மறுபடி மாட்டவில்லை. வாரத்துக்கு ஒரு டப்பா. காலி டப்பாக்களை வேலை நடக்கும் இடத்துக் குப்பையில் போட்டேன். "பவுடரெல்லாம் குறையுதே" என்றாள் மனைவி. "ரப்பருக்குத்தான்" என்றேன். "அப்பாடா, உபயோகமாச்சே" என்றாள். ஞாயிற்றுக்கிழமை அவள் காலையிலிருந்தே பால்கனியில் துணி உலர்த்துவாள் என்பதால் அன்று கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமனார் எழுந்து உட்கார்ந்து பத்திரிகை படிப்பார்.

ஒன்றை விளக்கியாக வேண்டும். இருமல் காரணமாகப் பேத்தியை அவர் மடியில் நாங்கள் கொடுப்பதில்லை. வாசற்படியில் நின்று தூக்கிக் காட்டுவோம். "நானும் அவளும் ஒண்ணு மாப்ளே. ரெண்டு பேருக்கும் பல்லும் கிடையாது, மூச்சும் கிடையாது" என்பார். தொட முடியாத அந்தக் குறையை அந்த வாசனையால் தீர்த்துக்கொண்டார். என் பிள்ளைக்குப் பவுடர் போடுவதில்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பவுடர் வாசனைதான் குழந்தை வாசனை என்று எல்லோரையும் போல அவரும் நினைத்தார். காலையில் கிரிலுக்கு நேராக முகத்தை உயர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு, எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஆழமாக இழுப்பார். "கதவு சாத்தியிருந்தாலும் என்னைத் தேடி வந்துடுறா பாருங்க." நான் அறைக்குள் போய் அதைப் பார்த்த நாட்கள் உண்டு. பார்த்த பிறகும் மறுநாள் பால்கனிக்குப் போனேன்.

இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கிருந்த டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் மில்லுக்குப் போறீங்களா?" என்று கேட்டார். "மில்லு மூடி எட்டு வருஷம் ஆச்சு டாக்டர். நான்தான் விட்டுட்டேன், மாவு என்னை விடல" என்றார் மாமனார். எல்லோரும் சிரித்தோம். ஆஸ்பத்திரியில் பத்து நாளில் தேறிவிடுவார். தேறியதும் வீட்டுக்குப் போகணும் என்று அடம்பிடிப்பார். "இங்க மருந்து வாசனைதான் வருது. என்னைக் கூட்டிட்டுப் போயிடு மாப்ளே." அந்த ஒரு தடவைதான் என்னை ஒருமையில் கூப்பிட்டார். கூட்டிக்கொண்டு வந்தேன்.

ஐந்து மாதம் ஆயிற்று. ஒரு மத்தியானம், நான் வேலையில் இருந்தபோது போய்விட்டார். முகம் கிரிலைப் பார்த்தபடி இருந்தது என்றாள் மனைவி. பழைய நுரையீரல், மாவு என்று எழுதிக் கொடுத்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. துக்கம் கேட்க வந்த ஒருவர் அந்த அறைக்குள் நின்று மூக்கை உறிஞ்சி, "சாவு வீடு மாதிரியே இல்ல. குழந்தை வாசனைதான் வருது" என்றார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நேராகவே எழுதிவிடுகிறேன். அவரைக் கொன்றது நான். என் மகளுக்கு ஒரு நல்ல அறை வேண்டியிருந்தது. இரண்டு டப்பா மீந்தது. அவற்றைத் தையற்காரர் குழந்தைக்குக் கொடுத்துவிட்டேன், வீணாகவில்லை.

பிறகு அறையைத் துப்புரவு செய்தேன். என்னைவிட நன்றாக அதை யாரும் செய்திருக்க முடியாது. சுவர், கிரில், குழாயின் வாய், கை எட்டிய தூரம் வரை பிரஷ், அதற்கப்பால் காற்றை உறிஞ்சும் இயந்திரம். வெள்ளையடித்தேன். மகளின் தொட்டிலைக் கிரிலுக்குக் கீழே, மாமனார் தலை வைத்திருந்த அதே இடத்தில் போட்டேன். அங்கேதான் காற்று நன்றாக வரும்.

மடிப்புக் குழாயைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் டாக்டர். எங்கே வேண்டுமானாலும் வளையும் என்பதால்தான் அதைப் போடுகிறோம். வளைவதற்காக உள்ளே வளையம் வளையமாகப் பள்ளம் இருக்கும். பொடி அந்தப் பள்ளங்களில் தங்கும். துடைப்பது மேட்டைத்தான் தொடும். முழுவதும் எடுக்க வேண்டுமானால் பொய்க்கூரையைப் பிரித்துக் குழாயையே தூக்கி எறிய வேண்டும். பிரித்தால் குழாயைக் கீழே இறக்க வேண்டும், இறக்கினால் கொட்டும். மனைவி பார்ப்பாள். துடைத்ததே போதும் என்று முடிவு செய்தேன். என் வேலையில் எனக்கு நம்பிக்கை இருந்தது.

மூன்றாம் நாள் அலமாரியின் மேல்தட்டில் விரலை வைத்தேன், வெள்ளையாக வந்தது. துடைத்தேன். மறுநாளும் வந்தது. ஒரு சாயங்காலம் மனைவி தரையைக் காட்டினாள். வாசலிலிருந்து தொட்டில் வரை லேசான வெள்ளைப் பூச்சு, அதன்மேல் அவள் நடந்த காலடிகள். "அப்பா வந்துட்டுப் போற மாதிரி இருக்குங்க. மில்லுல இருந்து வந்தா வீடு முழுக்க இப்படித்தான் அடி தெரியும்" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். வெள்ளையடித்த சுண்ணாம்பு உதிர்கிறது என்றேன்.

குழாயின் ஃபேனை நிறுத்தினேன். அவள் போட்டாள். "பிள்ளைக்கு வேர்க்குதுங்க, காத்து வரட்டும்." வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். இருந்த காரணத்தைச் சொல்ல முடியாது, இல்லாத காரணம் எதையும் அவள் ஏற்கமாட்டாள். இந்தக் காற்றைப் பற்றி இரண்டு வருஷம் ஊரெல்லாம் பெருமை பேசியவன் நான்தானே. கடைசியில் பால்கனியில் ஒரு ஒயரை வெட்டிவிட்டு, மோட்டார் போய்விட்டது, நேரம் கிடைக்கும்போது பார்க்கிறேன் என்றேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அந்த வாரம் நான் கொஞ்சம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தால் திருகாணி என் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறான். மனைவிதான் கூப்பிட்டிருக்கிறாள்.

"ஊருக்கெல்லாம் காத்து விடுற, உன் வீட்ல பிள்ளை வேர்த்துக் கிடக்குது. வெட்கமா இல்லையாண்ணே?"

"என்ன பண்ணினே?"

"சின்ன மோட்டார் வச்சிருந்தே. பெருசு போட்டுட்டேன். ஃபில்டர் வேற இல்லாம ஓட்டியிருக்கே, அதையும் மாட்டிட்டேன். கூரையைப் பிரிச்சு குழாயையும் பார்த்திருப்பேன். பிள்ளை தூங்குதுன்னு அண்ணி விடல. இப்ப போய் நின்னு பாரு, ஆளைத் தூக்கும்."

போய் நின்று பார்த்தேன். நல்ல வேலை. ஃபில்டர் குழாயின் வாயில் இருந்தது. வெளியிலிருந்து வருகிற தூசியை அது பிடிக்கும். உள்ளே ஏற்கெனவே இருப்பதை அது ஒன்றும் செய்யாது. சின்ன மோட்டாருக்கு அசையாமல் பள்ளங்களில் கிடந்தது, பெரிய மோட்டாருக்கு அசைந்தது. மகள் தொட்டிலில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றி மயிர் காற்றில் ஆடியது. திருகாணிக்கு நன்றி சொன்னேன்.

அது நடந்து பத்தொன்பது மாதம் ஆகிறது. மகளுக்கு இப்போது இரண்டரை வயது. நன்றாகப் பேசுகிறாள், நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு பேசுகிறாள். அது தாத்தாவின் அறை என்று அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறாள். காலையில் எழுந்ததும் கிரிலை அண்ணாந்து பார்த்து, "தாத்தா மணக்குது" என்பாள். தினமும் மனைவி அந்த சுவிட்சைப் போடும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். முகம் மழித்துக்கொண்டிருப்பேன். ஒரு வார்த்தை போதும். குழாயை மாற்ற வேண்டும் என்று ஒரு வார்த்தை. அதற்கடுத்த கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

உங்கள் வைத்தியத்துக்கு உதவும் என்பதால் சொல்கிறேன். இருபத்தொரு டப்பாக்கள், நாலைந்து வெவ்வேறு வகை. அவற்றின் பெயர்களை நினைவில் உள்ளவரை அடுத்த தாளில் எழுதியிருக்கிறேன். பாதிக்கு மேல் மாமனார் எடுத்துக்கொண்டிருப்பார், மீதிதான். குழாயின் படம் போட்டிருக்கிறேன். குழந்தை டாக்டர் வரைந்து கொடுத்த திராட்சைக் கொத்தும் என் சட்டைப்பையில் இருந்தது, அதையும் இணைத்திருக்கிறேன். போலீசுக்குச் சொல்ல வேண்டுமானால் சொல்லுங்கள், நான் இந்த பெஞ்சில்தான் இருப்பேன். அதற்கு முன்னால் அந்தக் கண்ணாடிக் கதவைத் திறந்து, என் மனைவியிடம், நீ பொய் சொல்லவில்லை என்று மட்டும் சொல்லிவிடுங்கள். உள்ளே போக என்னால் முடியவில்லை. அங்கேயும் மேலே ஒரு கிரில் இருக்கிறது.

இன்னொன்று. படிவத்தில் ஏழாவது கேள்விக்கு நான் எழுதிய விடையைத் திருத்த வேண்டாம். குழந்தைக்குப் பவுடர் போடுவதுண்டா என்றுதான் கேட்டிருக்கிறது. இல்லை. பிறந்த நாளிலிருந்து இன்றுவரை அவள் விஷயத்தில் நான் அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்திருக்கிறேன்.